மடை மாறிய பயம்

ஹாக்கி ஆட்டம் சமநிலையில் முடிந்தால் ஷூட்-அவுட் வைப்பார்கள். எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு தனியாக ஓடி வருவாள். கோல்கீப்பரும் தனியாக நிற்பாள். எட்டு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த எட்டு நொடியில் எதையெல்லாம் பார்த்தாய் என்று கேட்டால் கோல்கீப்பர் வடிவு வெட்கப்படுவாள். ஓடி வருகிறவளின் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். கோட்டுக்கு வெளியே பயிற்சியாளர் தமயந்தி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். கேலரியில் யாரோ ஒருவர் எழுந்து நின்றதைக்கூடப் பார்த்தாள். பந்தை மட்டும் பார்க்கவில்லை. பின்னால் கோல் பலகையில் அது மோதிய சத்தம் கேட்டபோதுதான் அது எங்கே போனது என்று அவளுக்குத் தெரிந்தது.

லீக்கின் அரையிறுதி அந்த வருடம் அப்படித்தான் கைவிட்டுப் போயிற்று. அவள் ஊரான கோவில்பட்டியில் வீட்டுக்கு வீடு ஹாக்கி தெரிந்தவர்கள். ஊருக்குப் போனால் ஒருவரும் திட்டவில்லை; ஒருவரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அவளுடைய அப்பா செல்லையா மினி பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அவரிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள் என்று அம்மா சொன்னாள்.

பயிற்சியில் வடிவைத் தாண்டிப் பந்து போகாது. ஆட்ட நாள் வந்தால் காலையிலிருந்தே வயிற்றைப் பிசையும். காலில் பேட் கட்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுப்பாள். கை வியர்த்து உறைக்குள் வழுக்கும். தமயந்தி மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள், மனநல ஆலோசகரிடம் அனுப்பினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

அடுத்த சீசனுக்கு முன்னால், அணியை நடத்திய நிறுவனம் ஒரு டாக்டரைக் கொண்டுவந்தது. பெயர் ரகோத்தமன். ஒல்லியானவர், மெதுவாகப் பேசுகிறவர். அவர் அறைக்கு வடிவையும் மாற்று கோல்கீப்பர் அற்புதத்தையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். ஏன் இருவரையும் என்று வடிவுக்குப் புரியவில்லை.

"உன் கண்ணுல கோளாறு இல்லம்மா. கையிலயும் இல்ல," என்றார் டாக்டர். "மூளைக்குள்ள ஒரு அபாய மணி இருக்கு. அது அடிச்சா கண்ணு பந்தை விட்டுட்டு ஆபத்து எங்கன்னு தேட ஆரம்பிச்சிடும். காட்டுல அது உயிரைக் காப்பாத்தும். கோல் முன்னாடி கெடுத்துடும்."

"மாத்திரை போட்டு நிறுத்திரலாமா சார்?"

"பண்ணிப் பார்த்தோம். மணியையே நிறுத்தினா பந்து முகத்துக்கு நேரா வந்தாலும் சும்மா நிக்கிறாங்க. கை எழும்பறதே இல்ல. மணி அடிக்கத்தான் வேணும். யாராவது ஒருத்தர் அதைக் கேட்டு 'சரி'ன்னு சொன்னாப் போதும், அப்புறம் அது அடங்கிடும்." அவர் அற்புதத்தைப் பார்த்தார். "அந்த ஒருத்தர் நீயாவே இருக்கணும்னு கட்டாயம் இல்ல."

வடிவின் காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி வைப்பார்கள், மிளகு அளவுதான் இருக்கும். அற்புதம் கழுத்தில் ஒரு பட்டை போட்டுக்கொள்ள வேண்டும். வடிவுக்கு எழும்பும் பயம் அற்புதத்தின் உடம்பில் போய் அடங்கும். இரண்டு பேரும் ஒரே கட்டடத்துக்குள்ளோ ஒரே மைதானத்திலோ இருந்தால் போதும். வாங்கிக்கொள்கிறவளும் கோல்கீப்பராக இருந்தால்தான் நன்றாகப் பொருந்துகிறதாம். அதற்கு நிறுவனம் நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் வைத்திருந்தது. பெண்கள் அதை மடை என்று கூப்பிட்டார்கள். வாய்க்காலில் ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறந்துவிடுகிற வேலைதானே.

வெளியே வந்ததும் வடிவு அற்புதத்தின் கையைப் பிடித்தாள். இருவரும் பத்து வயதிலிருந்து ஒரே மைதானத்தில் புரண்டவர்கள். "ஏட்டி, வேண்டாம்னு சொல்லிரு. எனக்காகப் பாக்காத."

"எனக்கு வேற என்ன வேல இருக்கு?" என்று சிரித்தாள் அற்புதம். "நாலு வருசமா தண்ணி பாட்டில்தான் தூக்குதேன். இதையும் தூக்கிப் பாக்கேன்."

"உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா கழட்டி எறிஞ்சுட்டுப் போறேன். கழுத்துப் பட்டைதான, தாலியா?"

முதல் ஆட்டம் சென்னையில். தமயந்தி தலையசைத்ததும் டாக்டர் தன் பெட்டியில் ஒரு விசையைத் தட்டி மடையைத் திறந்தார். வடிவு அப்போது பேட் கட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை யாரோ எடுத்துவிட்டது போல இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அறையில் விளக்கு அதே விளக்கு, சுவர் அதே சுவர். குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் தனியாகக் கேட்டது.

அன்று அவள் பந்தைப் பார்த்தாள். பந்தில் ஒட்டியிருந்த ஈரத்தைப் பார்த்தாள், அது மட்டையை விட்டுக் கிளம்பும் கோணத்தைப் பார்த்தாள். எதிரே வருகிறவளுக்கு முகம் இருந்ததாக அவளுக்கு நினைவே இல்லை. ஒரு கோல்கூட விடவில்லை. கடைசி விசில் ஊதியதும் எல்லோரும் வந்து மேலே விழுந்தார்கள். வடிவு சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்தாள். பயம் போன வழியிலேயே வேறு ஏதோவும் போயிருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

பெஞ்சில் அற்புதம் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. பல் கிட்டிக்கொண்டிருந்தும் சிரிக்கப் பார்த்தாள்.

"ஏட்டி வடிவு, இதையா இத்தன நாளும் தூக்கிட்டு நின்ன? யார்ட்டயும் சொல்லாமலா?"

"கஷ்டமா இருந்துச்சா?"

"பந்து உங்கிட்ட வார நேரம் எல்லாம் நான் செத்துச் செத்துப் பொழச்சேன்." அவள் துண்டை இறுக்கிக்கொண்டாள். "ஆனா நீ பிடிச்ச பாரு ஒண்ணு, வலது கால்ல. அப்பா! நானா இருந்தா விட்டிருப்பேன்."

அணி ஜெயித்துக்கொண்டே போனது. முதலில் ஆட்ட நேரத்துக்கு மட்டும் திறந்த மடையை, ஆட்டத்துக்கு முந்தின நாளே திறந்தார்கள்; வடிவுக்கு நல்ல தூக்கம் வேண்டும் என்றாள் தமயந்தி. பிறகு பயணத்துக்கும் திறந்தார்கள். சீசனின் நடுவில், மூடித் திறப்பதால்தான் இருவருக்கும் அசதி வருகிறது என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு மூடவே இல்லை.

வடிவு நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். செய்தியாளர்கள் கேட்டதற்கு அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னாள். பனிப்பாறை என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். சந்தோஷம் இருக்க வேண்டிய இடத்தை அவ்வப்போது தொட்டுப் பார்ப்பாள், பல் மருத்துவர் ஊசி போட்ட கன்னத்தை நாக்கால் தொடுவது போல. இடம் இருந்தது. உணர்ச்சி இல்லை.

அற்புதம் மெலிந்துகொண்டே வந்தாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. ரோட்டைக் கடக்க யார் கையையாவது பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் தட்டு கீழே விழுந்தால் சுவரோரம் போய் ஒட்டிக்கொள்வாள். தன்னுடைய பயம் எது, வந்த பயம் எது என்று பிரிக்கத் தெரியவில்லை என்றாள். இதையெல்லாம் வடிவு பார்த்தாள், பேருந்து ஜன்னலுக்கு வெளியே ஊர்கள் போவதைப் பார்ப்பது போல. இதற்கு நான் பதற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததோடு நின்றது.

ஒருநாள் பயிற்சி முடிந்து மைதானத்தின் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அற்புதத்தின் கை நடுங்குவதையே வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்காத," என்றாள் அற்புதம்.

"ஏன்?"

"நீ என்னப் பாத்துக் கவலப்படுத. அந்தக் கவலையும் எனக்குத்தான் வருது. நீ பாக்கப் பாக்க எனக்குக் கூடுது. அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

வடிவு திரும்பிக்கொண்டாள். தான் கவலைப்பட்டது அற்புதம் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

"கழட்டிரு அற்புதம்."

"கழட்டலாம். கழட்டுனா கோல்ல யாரு நிப்பா? பழைய வடிவா? அவ பாவம்டி. அவளுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

அந்த வருடம் அரையிறுதியும் இறுதியும் புவனேஸ்வரில். அரையிறுதி நாள் காலையில் வடிவு விடுதியின் சாப்பாட்டு அறையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா பாக்கியம் போன் செய்தாள். அப்பாவுக்கு பஸ் ஓட்டும்போதே நெஞ்சு வலி வந்திருக்கிறது. எப்படியோ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் சத்தத்தினிடையே அம்மாவின் அழுகை விட்டு விட்டுக் கேட்டது.

"சரிம்மா," என்றாள் வடிவு. "டாக்டர் என்ன சொல்லுதாகன்னு பாத்துட்டுக் கூப்பிடு."

எதிர்முனையில் அழுகை சட்டென்று நின்றது. "சரி தாயி," என்று அம்மா வைத்துவிட்டாள்.

ஊரில் மழை பெய்கிறது என்று கேட்டது போல இருந்தது. வடிவு சட்னியைத் தொட்டு அடுத்த வாயை வைத்தாள். அது தொண்டையில் இறங்குவதற்குள் மாடிப்படியில் யாரோ விழுந்தடித்து ஓடி வரும் சத்தம் கேட்டது. அற்புதம்தான். குளித்துக்கொண்டிருந்தவள் பாதியில் ஓடி வந்திருக்கிறாள். காதோரம் சோப்பு நுரை அப்படியே இருந்தது. காலில் செருப்பு இல்லை. நைட்டி நனைந்து உடம்பில் ஒட்டியிருந்தது.

"யாருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?"

"உக்காரு."

"சொல்லுடி! இது பந்து இல்ல. இப்பிடி ஒண்ணு இதுக்கு முன்ன வந்ததே இல்ல. யாருக்கு?"

"அப்பாவுக்கு. நெஞ்சு வலியாம். திருநெல்வேலிக்குக் கொண்டு போறாக."

அற்புதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சமையல்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். வாயிலிருந்து வந்தது அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. வடிவு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்து அவள் தோளில் கை வைத்தாள். தன் பயம் அங்கே அடுத்த ஆளின் எலும்பில் அதிர்வதை உள்ளங்கையில் உணர்ந்தாள். பக்கத்து வீட்டில் நடக்கும் சண்டை சுவர் வழியாகக் கேட்பது போல இருந்தது.

தமயந்தி வந்து பார்த்துப் பயந்துபோனாள். அற்புதத்தின் கழுத்துப் பட்டையில் கை வைத்தாள். "போதும்மா. கழட்டிடலாம். மேட்ச் போனாப் போகட்டும்."

அற்புதம் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் மேடம். நான் விட்டா இது மொத்தமும் அவளுக்குப் போவும். அவ அப்பாவுக்கு உசுரு இருக்கா இல்லையான்னு தெரியாம, இவ்வளவையும் ஒரே நேரத்துல எப்பிடித் தாங்குவா? ஆஸ்பத்திரியில இருந்து சேதி வரட்டும்."

சேதி மத்தியானம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, அடைப்பை எடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் அதைக் கேட்டு வாங்கியது அற்புதம்தான். அவள்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அரையிறுதியில் அணி ஜெயித்தது. வடிவு பிடித்த பந்துகளைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

இறுதி ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் எதிரணிப் பெண் ஒருத்தி தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். மட்டையை முழு வீச்சில் ஓங்கியிருந்தாள். அந்த வீச்சுக்கு முன்னால் கையைக் கொடுக்கக் கூடாது என்று யாருடைய உடம்புக்கும் தெரியும், சொல்லித் தர வேண்டியதில்லை. வடிவு நேராகப் பாய்ந்து கையைக் கொடுத்தாள். பந்து வெளியே போயிற்று. மணிக்கட்டில் ஏதோ உடையும் சத்தத்தை அவள் கேட்டாள். வலித்தது. சரியாகச் சொன்னால், வலிக்கிறது என்கிற தகவல் வந்தது. அவள் எழுந்து தன் இடத்தில் போய் நின்றாள். விசில் ஊதும்வரை அப்படியே ஆடினாள். ஆட்டம் சமநிலையில் முடிந்து உறையைக் கழற்றியபோதுதான் கை தொங்குவதைப் பார்த்து இயன்முறை மருத்துவர் கத்தினார்.

இனி ஷூட்-அவுட். இனி அற்புதம்தான்.

ரகோத்தமன் பெட்டியைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். "ரெண்டு நிமிஷம் கொடுங்க. தலைகீழா மாத்திடறேன். அற்புதத்தோட பயம் வடிவுக்குப் போகும்."

"வேண்டாம்," என்றாள் அற்புதம். பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். கழுத்தைச் சுற்றி வெளிறிய தடம் இருந்தது. "என்னோடது மட்டும்தான சார்? அது இருந்துட்டுப் போவட்டும்."

அவள் உள்ளே போனாள். முதல் பெண் பந்தோடு வந்தாள். அற்புதம் பந்தைப் பார்த்தாள், வேறு எங்கும் பார்க்கவில்லை, தடுத்தாள். இரண்டாவது உள்ளே போயிற்று. மூன்றாவதையும் நான்காவதையும் பிடித்தாள். ஒரு சீசன் முழுக்க இரண்டு பேருடைய பயத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்குத் தன் ஒருத்தியின் பயம் கைக்கு அடக்கமாக இருந்திருக்கிறது. ஆனால் அணியின் பெண்கள் நால்வர் போய் நால்வரும் அடிக்கத் தவறினார்கள். ஐந்தாவது பந்தும் அற்புதத்தைத் தாண்டி உள்ளே போனபோது எதிரணி மைதானத்துக்குள் பாய்ந்தது. தோற்றாயிற்று.

அற்புதம் ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு பெஞ்சுக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர், சிரிப்பு. "பயந்தேன்டி வடிவு! நல்லாப் பயந்தேன்! என் பயம்டி, என்னோடது! எனக்கு அடையாளம் தெரிஞ்சிச்சு!" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். சுற்றிலும் மற்றப் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

வடிவு கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். மடையை மூடி நேரமாகிவிட்டது. இனி தன்னுடையது தனக்கு வரும் என்று அவள் காத்திருந்தாள். வயிற்றைப் பிசையும், கை வியர்க்கும், அப்பா நினைவு வரும். காத்திருந்தாள்.

வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காதுக்குப் பின்னாலிருந்த கருவியை எடுத்துத் தையல் போட்ட பிறகும் வரவில்லை.

"சிலருக்கு நாளாகும்," என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். "தண்ணி ஒரு வழியாவே ரொம்ப நாள் போனா பழைய வாய்க்கால் தூர்ந்துடும் இல்லையா? அது மாதிரி. ஆனா வரும்."

"வராமலும் இருக்குமா?"

அவர் பெட்டியை மூடினார். "உனக்கு இப்ப பயமா இருக்கா, அப்படி நினைச்சா?"

"இல்ல சார்."



திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அப்பாவை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். மதிய வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டில்மேல் விழுந்திருந்தது. அம்மா மகளைப் பார்த்ததும் எழுந்து கஞ்சி வாங்கப் போனாள். போகும்போது வடிவின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். அன்று போனில் கேட்ட மகளின் குரலைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

செல்லையா இளைத்துப் போயிருந்தார். கண்ணாடி இல்லாததால் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். அவளுடைய நல்ல கையைத் துழாவிப் பிடித்தார்.

"வந்துட்டியா தாயி? மேட்ச் போச்சாமே. போவுது விடு."

"ஆமாப்பா."

"அம்மா போன் போட்டப்போ ரொம்பப் பயந்துட்டியோ?"

வடிவு அவரைப் பார்த்தாள். நரைத்த தாடி, மூக்கில் குழாய் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் தடம். இவர் என் அப்பா என்று தெரிந்தது. இவருக்கு இப்போது என்ன வேண்டும் என்றும் தெரிந்தது. அவள் அன்று சாப்பாட்டு அறையின் தரையில் கிடந்த அற்புதத்தை ஒவ்வொரு விவரமாக நினைவுக்குக் கொண்டுவந்தாள்.

"ரொம்பப் பயந்துட்டேன்ப்பா," என்றாள். "குளிச்சிட்டு இருந்தவ அப்பிடியே ஓடியாந்தேன். காதுல சோப்பு நுரைகூடப் போகல. கால்ல செருப்பு இல்ல. தரையில உக்காந்துட்டேன். எந்திரிக்கவே முடியல. மேசக்காலப் பிடிச்சுக்கிட்டு..."

"ஐயோ, எம்புள்ள."

"மேடம் வந்து தூக்குனாங்க. நான் எந்திரிக்க மாட்டேன்னுட்டேன். உங்களுக்கு உசுரு இருக்கா இல்லையான்னு தெரியாம..."

"போதும் தாயி, போதும்." அவருடைய குரல் உடைந்தது. நிறைந்தும் இருந்தது. கையைத் தூக்கி, மங்கலாகத் தெரிந்த அவள் முகத்தைத் தேடித் தொட்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல. அழாத."

கட்டைவிரலால் அவள் கன்னத்தைத் துடைத்தார். கன்னம் காய்ந்திருந்தது. அவர் அடுத்த கன்னத்தையும் துடைத்தார். அவருக்குச் சிரமமாக இருக்கக் கூடாது என்று வடிவு இன்னும் கொஞ்சம் குனிந்துகொடுத்தாள்.